செல்போனால் கேன்சர் வருமா? பயப்பட வேண்டிய இடம் வேறு!

உங்கள் ஃபிளாட்டில் அடுத்த முறை அசோசியேஷன் மீட்டிங் நடக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... எந்தப் பேட்டையாக இருந்தாலும் கதை ஒன்றுதான். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க இடம் கேட்கிறாங்க, மாசா மாசம் வாடகை தருவாங்களாம்' என்று செக்ரட்டரி வாயைத் திறந்தாரோ இல்லையோ, கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடும்!

"வாடகை யாருக்கு சார் வேணும்? குழந்தைங்க இருக்கிற இடம். நாளைக்கு யாருக்காவது கேன்சர் வந்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

"அப்போ ராத்திரி தலைமாட்டுல செல்போனை வெச்சுக்கிட்டுத் தூங்கறீங்களே, அது?"

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. ஆனால், பயம் மட்டும் எல்லோர் மனதிலும் இருக்கும். செல்போன் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. செல்போனை நினைத்துப் பயப்படாமலும் இருக்க முடியாது. இதுதான் இன்றைய நடுத்தரக் குடும்பத்தின் நிலைமை.

இந்தப் பயம் நியாயமானதா? 'ஆமாம்' என்பவர்களும் 'சுத்தப் புரளி' என்பவர்களும் நிறைய. நான் சொல்லப்போவது இரண்டும் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முப்பது வருடப் பரிசோதனை

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு. கேட்டவர் மத்திய அமைச்சர் சுக்ராம். நம் சென்னையில் அப்போது இரண்டே கம்பெனிகள்தான்: ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார். செங்கல் மாதிரி ஒரு கருவி. பேசினாலும் காசு, யாராவது கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு! வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003-இல்தான். அதன் பிறகு பூக்காரம்மா கையிலும் செல்போன் வந்துவிட்டது.

மேலை நாடுகளில் இன்னும் முன்பே, 1980-களிலேயே வந்துவிட்டது. ஆக, உலகத்தில் கோடானுகோடி பேர் முப்பது, நாற்பது வருடங்களாக இந்தக் கருவியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செல்போன் உண்மையிலேயே மூளையில் கட்டியை உண்டாக்குகிறது என்றால், இதற்குள் மூளைப் புற்றுநோய்க் கணக்கு செங்குத்தாக ஏறியிருக்க வேண்டும் அல்லவா? புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பல பத்தாண்டுகளாக ஒழுங்காகப் பராமரித்து வரும் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகளின் கணக்கை விஞ்ஞானிகள் புரட்டிப் பார்த்தார்கள். செல்போன் ஏறிய வேகத்தில் மூளைக் கட்டி ஏறவில்லை.

எல்லாக் கதிர்வீச்சும் ஒன்றா?

'கதிர்வீச்சு' என்ற வார்த்தைதான் பாதிப் பயத்துக்குக் காரணம். அதைக் கேட்டதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால், அடுப்பின் அனலும் கதிர்வீச்சுதான். ட்யூப்லைட் வெளிச்சமும் கதிர்வீச்சுதான்.

புற்றுநோயைப் பொறுத்தவரை ஒரு கேள்விதான் முக்கியம். நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற மரபுச் சங்கிலியை அந்தக் கதிர் நேரடியாக அறுக்குமா, அறுக்காதா? எக்ஸ்ரே அறுக்கும். அணுக்கதிர் அறுக்கும். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரும் மரபுச் சங்கிலியைக் கெடுக்கும். தோல் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம். செல்போனில் வருவது ரேடியோ அலை. நம் அப்பாக்கள் மர்ஃபி ரேடியோவில் சினிமாப் பாட்டுக் கேட்டார்களே, அந்த அலைக்கு உறவு. கண்ணால் பார்க்கும் சாதாரண வெளிச்சத்தின் ஒரு துகளில் உள்ள சக்தி, செல்போன் அலையின் ஒரு துகளில் இருப்பதைப் போலப் பல லட்சம் மடங்கு அதிகம். அந்த வெளிச்சமே டி.என்.ஏ.வை அறுப்பதில்லை என்றால், செல்போன் அலை எப்படி அறுக்கும்?

செல்போன் அலை உடம்பில் உண்டாக்குவதாக உறுதியாகத் தெரிந்த விளைவு ஒன்றுதான்: லேசான சூடு. ரொம்ப நேரம் பேசினால் காது சுடுகிறதே என்பீர்கள். அதில் பெரும்பகுதி பேட்டரியின் சூடும், காதோடு ஒட்டிவைத்ததால் காற்றுப் படாத சூடும்தான்.

'உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சே!'

சொன்னது உண்மை. 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, செல்போன் அலைகளை '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்பது அதன் பொருள். மறுநாள் பேப்பர்களில் கொட்டை எழுத்தில் வந்தது. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

ஆனால், அந்தப் பட்டியலில் வேறு யார் யார் இருந்தார்கள் என்பதை எத்தனை பேர் படித்தார்கள்? முழுக் கற்றாழை இலையின் சாறு அதில் இருக்கிறது. இன்னொரு சமாசாரம்... காபி! சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் 1991-இல் காபியை அதே 2பி-யில் போட்டார்கள். இருபத்தைந்து வருடம் அங்கேயே இருந்தது. மயிலாப்பூரில் யாராவது ஃபில்டரைத் தூக்கிப் பரணில் போட்டார்களா? 2016-இல், 'போதிய ஆதாரம் இல்லை' என்று காபியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்று அப்போதே எச்சரிக்கையும் செய்தார்கள். அதைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை!

2பி என்றால், 'சந்தேகம் வந்திருக்கிறது, இன்னும் ஆராய வேண்டும்' என்று அர்த்தம். சந்தேக கேஸில் பெயர் இருப்பதும் குற்றம் நிரூபணம் ஆவதும் ஒன்றல்ல.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

முக்கியமாக, 13 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான 'இன்டர்ஃபோன்' ஆராய்ச்சியிலிருந்து. மொத்தத்தில் பார்த்தால் செல்போன் பேசுகிறவர்களுக்கு மூளைக்கட்டி அதிகம் வரவில்லை. ஆனால், மிக அதிகமாகப் பேசிய பத்தில் ஒரு பங்கினரை, அதாவது மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களை மட்டும் தனியாக எடுத்தால், 'கிளையோமா' என்ற கட்டியின் அபாயம் 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கல். கட்டி வந்தவரிடம் போய், 'பத்து வருஷத்துக்கு முன்னால் தினமும் எத்தனை நிமிஷம் பேசினீர்கள்? எந்தக் காதில் வைத்து?' என்று கேட்டு எழுதிக்கொண்ட கணக்கு அது. போன வாரம் எவ்வளவு பேசினோம் என்பதே நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. தலையில் கட்டி வந்தவர் கூட்டித்தான் சொல்வார். ஆராய்ச்சி செய்தவர்களே இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் வேறு வழியில் ஆராய்ந்தார்கள். நோய் வருவதற்கு முன்பே ஆட்களைக் குறித்துக்கொண்டு, வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனிப்பது. டென்மார்க்கில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான செல்போன் சந்தாதாரர்களைக் கவனித்தார்கள். பிரிட்டனில் சுமார் 7,76,000 பெண்களைச் சராசரியாக 14 வருடம் கவனித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். 'காஸ்மாஸ்' என்ற இன்னொரு ஆராய்ச்சியில் ஐந்து ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதன் முடிவு 2024-இல் வந்தது. எதிலும் மூளைக்கட்டி கூடவில்லை.

"பெரியவங்க சரி, பிஞ்சுக் குழந்தைங்க மண்டை ஓடு மெல்லிசாச்சே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே 'மொபி-கிட்ஸ்' என்று ஓர் ஆராய்ச்சி 14 நாடுகளில் நடந்தது. அதில் இந்தியாவும் உண்டு. 10 முதல் 24 வயது வரையிலான, மூளைக்கட்டி வந்த சுமார் 900 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செல்போனால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை.

எலிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி ஒன்றில், ரேடியோ அலையில் வைத்த ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டிகள் வந்தன. இதுவும் பெரிய செய்தியானது. ஆனால், அந்த எலிகளுக்கு உடம்பு முழுக்க, தினமும் ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம் வரை அலையைப் பாய்ச்சினார்கள். இன்னொரு வேடிக்கை, அலை படாத ஆண் எலிகளைவிட அலை பட்ட ஆண் எலிகள் அதிக நாள் உயிரோடு இருந்தன! அதற்காக, 'செல்போன் ஆயுளைக் கூட்டும்' என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒற்றை ஆராய்ச்சியை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்பதுதான் பாடம்.

2024-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக, இதுவரை மனிதர்களிடம் நடந்த 63 ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அதே வருடம், 2பி பட்டியலில் உள்ள ரேடியோ அலையை மறுபடி ஆராய முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. விஞ்ஞானம் கதவைச் சாத்திவிடவில்லை. கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

அப்போ மொட்டை மாடி டவர்?

டவர் பெரிதாக இருப்பதால் அதிகம் பயமுறுத்துகிறது. ஆனால், அலையின் வலிமை தூரம் கூடக் கூட மளமளவென்று குறையும். தூரம் இரட்டிப்பானால் வலிமை நாலில் ஒரு பங்கு. டவர் ஆன்டெனா பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அலையை வீசும். குத்துவிளக்கின் காலடியில் வெளிச்சம் குறைவு இல்லையா, அதுபோல டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் அலை குறைவு. எதிரே அதே உயரத்தில் இருக்கும் மாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். ஆனாலும், காதோடு ஒட்டிய செல்போனிலிருந்து உங்கள் தலைக்கு வருவது, தூரத்து டவரிலிருந்து வருவதைவிட மிக அதிகம்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. டவர் தூரமாகி சிக்னல் குறைந்தால், உங்கள் செல்போன் அதை எட்டிப் பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். ஆக, 'எங்க தெருவுல டவரே வேண்டாம்' என்று விரட்டினால், காதில் இருக்கும் குட்டி டவர் இன்னும் உரக்கக் கத்தும்!

கட்டுப்பாடும் இல்லாமல் இல்லை. 2012 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு, டவர் அலைவீச்சின் அளவைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. செல்போன் கருவிக்கும் அப்போதே வரம்பு வந்தது: உடம்பு உள்வாங்கும் அளவு கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனில் 'ஸ்டார், ஹாஷ், 07, ஹாஷ்' தட்டினால் பெரும்பாலான மாடல்களில் அதன் அளவு தெரியும். டவர்களின் விவரத்தைப் பொதுமக்கள் பார்ப்பதற்காக 'தரங் சஞ்சார்' என்ற தளத்தையும் 2017-இல் தொலைத்தொடர்புத் துறை ஆரம்பித்தது. கட்டணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்லும் வசதியோடு அது வந்தது. சண்டை போடுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது இல்லையா?

'குவாலியர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே டவரை மூடச் சொல்லிச்சே?' என்று சிலர் கேட்பார்கள். 2017-இல் அப்படி ஓர் உத்தரவு வந்தது நிஜம். கேன்சர் வந்த ஒருவர் போட்ட வழக்கு அது. நோயாளியின் பக்கம் நின்று ஒரு டவரை நிறுத்தச் சொன்ன உத்தரவு. 'டவரால் கேன்சர் வரும்' என்று விஞ்ஞானம் நிரூபித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

அடையாறு சொல்லும் பாடம்

'சரி சார், பயம் தப்புன்னே வெச்சுக்குவோம். பயந்தா என்ன நஷ்டம்?' என்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த வேதனைதான் 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது. ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த மருத்துவமனையையே வீடாக நினைத்து வாழ்ந்தார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்பதை அலுக்காமல் சொன்னவர் அவர்.

சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்ற பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து அந்த மருத்துவமனை பராமரிக்கிறது. அப்போது சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடம் நுரையீரல், வயிறு, வாய்ப் புற்றுநோய்கள் முன்வரிசையில் நிற்கின்றன. மூளைப் புற்றுநோயோ, உலக அளவில் நூறு புற்றுநோய்களில் இரண்டுகூட இல்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? டவருக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்துகிறவர், மீட்டிங் முடிந்ததும் தெருமுனைக் கடையில் சிகரெட் பற்ற வைக்கிறார். கல்யாண விருந்து முடிந்ததும் பீடாவை மென்றுகொண்டே, 'செல்போன் ரொம்ப டேஞ்சர்' என்று பேசுகிறார்கள். புகையிலை கலக்காத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று, அதே உலக சுகாதார நிறுவனப் பிரிவு 2004-லேயே முதல் பட்டியலில் போட்டுவிட்டது. அது சந்தேகப் பட்டியல் அல்ல; நிரூபணமான பட்டியல்! சிகரெட்டும் மதுவும் இருக்கும் அதே வரிசை.

இதைவிட மனதை உறுத்துவது, வீட்டுப் பெண்களின் மௌனம். மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. 'பொண்ணு பரீட்சை முடியட்டும்', 'மாமியார் கண் ஆபரேஷன் முடியட்டும்' என்று மாதங்கள் ஓடுகின்றன. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து ரத்தம் படுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்வதில்லை. பிள்ளையின் செல்போனைப் பிடுங்கிவைக்கும் அதே அம்மா, தன் கட்டியை மட்டும் மறைத்து வைக்கிறாள். இது எத்தனை பெரிய கொடுமை! சின்னக் கட்டியாக இருக்கும்போது வந்தால் குணமாக்கக்கூடிய நோய், காலம் கடத்துவதால் கைமீறிப் போகிறது.

ஒரு குடும்பத்தின் பயத்துக்கும் அளவு உண்டு. அந்தப் பயத்தையெல்லாம் டவரின் மேல் கொட்டிவிட்டால், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கலாமே?

தாராளமாக! பைசா செலவில்லாத ஜாக்கிரதை எப்போதும் நல்லதுதான்.

* நீண்ட நேரம் பேசுவதென்றால் ஸ்பீக்கரில் அல்லது இயர்போனில் பேசுங்கள். தலைக்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தாலே போதும்.
* லிஃப்ட், அடித்தள பார்க்கிங் போன்ற சிக்னல் குறைந்த இடங்களில் பேச்சை வளர்க்காதீர்கள்.
* இரவில் போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். கேன்சருக்காக அல்ல, தூக்கத்துக்காக.
* குழந்தைகளுக்குச் சோறு ஊட்ட செல்போனைக் காட்டாதீர்கள். கண், பேச்சு, தூக்கம், ஓடியாடும் விளையாட்டு எல்லாம் கெடும்.
* 'ரேடியேஷனை உறிஞ்சும்' ஸ்டிக்கர், தகடு என்று எதையும் வாங்கி ஏமாறாதீர்கள். 2020-இல் டெல்லியில் ஒரு மத்திய அரசு அமைப்பின் தலைவர், பசுஞ்சாணத்தில் செய்த 'சிப்' ஒன்றைக் காட்டி, 'இது செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும்' என்றார். ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேட்டார்கள். போனிலிருந்து அலையே வெளியே வராவிட்டால் நீங்கள் பேசவே முடியாது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

செல்போனால் உயிர் போகும் வழி ஒன்று நிச்சயமாக இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு அண்ணா சாலையில் வண்டி ஓட்டுவது. காதில் பாட்டுக் கேட்டபடி மாம்பலத்தில் தண்டவாளத்தைக் கடப்பது. இதற்கு ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

இந்த வாரமே செய்யுங்கள்

வீட்டில் முப்பது வயது தாண்டிய எல்லோரும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் அவரவருக்கு உரியதைச் செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கு ஏற்பாடு உண்டு. பெண் குழந்தை இருந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, நேரம் தவறிய ரத்தப்போக்கு, மாறிப்போன குரல், விழுங்குவதில் சிரமம், காரணம் இல்லாமல் குறையும் எடை... இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். புதிதாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற தலைவலியும், அதோடு வாந்தியும், வலிப்பும் இருந்தால், 'செல்போன்தான் காரணம்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவிடம் இன்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'உனக்கு உடம்புல ஏதாவது தொந்தரவு இருக்காம்மா? மறைக்காம சொல்லு' என்று. அவள் தயங்கினால் விடாதீர்கள். அப்புறம் அந்த செல்போனை எடுத்து, டாக்டரிடம் ஓர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். அதைவிட நல்ல காரியத்துக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்த முடியாது!